மாவு மில்லில் தங்கிய வடக்கு

வடக்கு எங்கள் ஊருக்கு ஒரு புதன்கிழமை வந்து சேர்ந்தது, வந்த இடத்தில் சும்மா இருக்காமல் மாவு மில் வீரணன் அண்ணனைப் போய்ப் பிடித்துக்கொண்டது, அன்றிலிருந்து இன்றுவரை மன்னாங்கானலில் யார் காம்பஸை எடுத்துப் பார்த்தாலும் ஊசி அவர் இருக்கும் பக்கம்தான் திரும்பி நிற்கிறது. ஆள் பார்த்துத்தான் வந்திருக்க வேண்டும் என்றால் இந்த ஆளைத் தேடி வந்திருக்கவே வேண்டாம். வீரணன் அண்ணனுக்கு இரண்டு தெரு தாண்டினால் வழி தெரியாது. முருகன் கோயிலுக்குக் கிளம்பினால் கேரட் கழுவும் தொட்டியில் போய் நிற்பார், தொட்டிக்குக் கிளம்பினால் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் போய் நிற்பார், தன் கல்யாணத்தன்றே கை கழுவப் போனவர் திரும்பி வரும்போது பக்கத்து மண்டபத்துக்குள் நுழைந்து, முன்பின் தெரியாத மாப்பிள்ளைக்குத் திருநீறு பூசிவிட்டு, பந்தியில் உட்கார்ந்து பாயசம் வரைக்கும் வந்துவிட்டார் என்று இன்னமும் சொல்லிச் சிரிக்கிறோம்.

அவரைக் கூட்டி வருவதற்காகவே பிறந்தவர் போல அமைந்தவர் அவர் மனைவி பவுனுத்தாய், எங்கள் எல்லோருக்கும் பவுனக்கா. மூடுபனி இறங்கிய சாயங்காலங்களில் மில் பூட்டியிருந்து வீட்டிலும் அண்ணன் இல்லையென்றால், அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிளம்பிவிடுவார், கிழங்குக் காடு, பூண்டுக் காடு, சோலை, சோலைக்கு மேலே புல்மேடு என்று தேடித் தேடி, எங்கேயாவது ஒரு கல்லின்மேல் தலையெல்லாம் மாவோடு வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருக்கும் புருஷனைக் கையைப் பிடித்து இழுத்து வருவார். அப்படித் தேடியே இந்த மலை முழுக்க அக்காவுக்குப் பழக்கமாகிவிட்டது. அதனால்தான் கீழேயிருந்து ஒரு மலையேற்றச் சங்கம் வந்து, வரைபடமும் காம்பஸும் பார்க்கக் கற்றுக்கொண்டு தேர்வில் தேறினால் வெளியூர்க்காரர்களை மலைக்கு அழைத்துப்போகும் வழிகாட்டி அட்டை தருவோம் என்றபோது, கேரட் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த பவுனக்கா முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். இத்தனை வருஷம் ஒரே ஒரு ஆளுக்கு வழி காட்டியாயிற்று, இனி நாலு பேருக்குக் காட்டுவோமே என்றார்.

பாடம் எடுக்க வந்தவர் ரெஹானா என்ற இளம்பெண். அக்காவைவிட வயதில் மிகவும் சின்னவர், ஆனாலும் அக்கா வாய் நிறைய மேடம் என்றுதான் கூப்பிடுவார். வரைபடத்தை எப்படி வடக்குக்குத் திருப்பி வைப்பது என்பதுதான் அந்தப் புதன்கிழமைப் பாடம். எல்லோரும் காம்பஸைக் கையில் சமமாகப் பிடித்தார்கள், எல்லா ஊசிகளும் ஒரே மாதிரி மாவு மில்லைக் காட்டின. மில்லில் இருக்கும் மோட்டார் இரும்பு ஊசியை இழுக்கிறது என்று மேடம் வகுப்பைப் பள்ளிக்கூட மைதானத்துக்கு மாற்றினார், அங்கேயும் மில்லைக் காட்டின. மாதா கோயில் மேட்டுக்கு ஏறிப் போனார்கள், அங்கேயும் மில்லைத்தான் காட்டின. மத்தியானம் ஆனதும் அத்தனை ஊசிகளும் ஒன்றாக நகர ஆரம்பித்தன. அக்கா தன் காம்பஸையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சோறு கொண்டு வர்றாரு மேடம்," என்றார். "இப்ப கிழங்குக் காட்டுக்குள்ள போயிட்டாரு. இந்தா, கல்லறைத் தோட்டத்துப் பக்கம் திரும்புறாரு. இருங்க, யாரையாச்சும் வழி கேட்டு வந்துருவாரு."

அதே போல ஊசிகள் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு மேட்டை நோக்கித் திரும்பின, கையில் தூக்குவாளியோடு வீரணன் அண்ணன் வந்து நின்றார். மேடம் காம்பஸைப் பிடித்தபடி அவரைச் சுற்றி வந்தார், சாமியை வலம் வருவது போல இருந்தது என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஊசி அவர் நெஞ்சுக்கு நேராகத்தான் நின்றது. கடைசியில் அண்ணன் கையிலேயே காம்பஸைக் கொடுத்துப் பார்த்தார். அது, படுப்பதற்கு முன்னால் நாய் சுற்றுமே, அந்த மாதிரி மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. மேடம் ஒரு வாய் தண்ணீர் குடித்தார், பிறகு, சரி, வடக்கு இங்கே நிற்கிறது, அதற்காகப் பாடம் நிற்கக் கூடாது, எல்லோரும் உட்காருங்கள் என்றார்.

ஊருக்கு வந்த சங்கடம் வேறு. வடக்கே தலை வைத்துப் படுக்கக் கூடாது என்பது எங்கள் ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூடத் தெரியும். வடக்கு இப்போது மாவு மில்லுக்குப் பின்னாலிருக்கும் ஓட்டு வீட்டில் படுத்திருக்கிறது என்று தெரிந்ததும் அன்றைக்கே ஊர் முழுக்கப் பாயும் கட்டிலும் திரும்பின, எல்லோரும் வீரணன் அண்ணனுக்கு எதிர்ப்பக்கம் தலை வைத்துப் படுத்தோம். எதிர்ப்பக்கம் தலை வைத்தால் கால் யார் பக்கம் இருக்கும் என்று யோசிக்காமல் விட்டுவிட்டோம். மறுநாள் அண்ணன் டீக்கடையில் டீயைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். டீக்கடை சந்தனம் வற்புறுத்திக் கேட்ட பிறகுதான், நான் யாருக்கு என்ன கெடுதல் செய்தேன், ஊரே என்னைப் பார்த்துக் காலை நீட்டிக்கொண்டு படுக்கிறதே என்று கண்கலங்கினார். எங்களுக்கும் ஒரு மாதிரியாகிவிட்டது. தலையும் கூடாது, காலும் கூடாது என்று ஆன பிறகு, ஊர்க்கூட்டம் போட்டுப் பேசி, இனி எல்லோரும் அவருக்கு வலது தோளைக் காட்டிப் படுப்பது என்று முடிவு செய்தோம், அன்றிலிருந்து எங்கள் ஊரில் குறுக்குவாட்டுப் படுக்கைதான்.

அவர் பக்கத்திலேயே படுக்கும் பவுனக்கா எப்படிப் படுப்பது என்பதற்கு மட்டும் கூட்டத்தில் யாருக்கும் பதில் தெரியவில்லை. அக்காவே எழுந்து, "என் தல இத்தன வருஷமா அவரு கை மேலதான் இருக்கு, எமன் வந்தாலும் அங்கயே வந்து கேக்கட்டும்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். பெண்கள் பக்கம் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், காது மட்டும் சிவந்திருந்தது.

அப்புறம் பழகிவிட்டது. வாசல் எந்தப் பக்கம் என்று வாஸ்து பார்க்க வத்தலக்குண்டிலிருந்து வந்தவர், எங்கள் வாசல்களெல்லாம் அண்ணன் டீ குடிக்கப் போகும்போது ஒரு திசையும் மில்லுக்குத் திரும்பும்போது ஒரு திசையுமாக இருப்பதைப் பார்த்து, அடுத்த பஸ்ஸிலேயே மலை இறங்கிப் போய்விட்டார். மலைக்குப் போனவர்கள் தடுமாறக் கூடாது என்பதற்காக அண்ணன் நகர்ந்தால் கோயில் மைக்கில் சொல்லிவிடுவோம். வீரணன் முடி வெட்டப் போகிறார், திசை பார்ப்பவர்கள் கவனத்துக்கு. வீரணன் மில்லுக்குத் திரும்பிவிட்டார். அவர் பாவம், வெட்கத்தில் முடி வெட்டுவதையே குறைத்துக்கொண்டார். ஆனால் விறகுக்கும் தேனுக்கும் மலையேறுகிறவர்கள் ஆளுக்கொரு காம்பஸ் வாங்கி மடியில் கட்டிக்கொண்டார்கள், எவ்வளவு பனி இறங்கினாலும் ஊசி ஊரைக் காட்டியது, ஊர் அவர்களுக்குக் கிடைத்தது. வழி தெரியாத மனுஷனை வைத்து ஊரே வழி கண்டுபிடிக்கிறதே என்று அவரைக் கிண்டல் செய்தோம். உள்ளுக்குள் அவர்மேல் எங்களுக்கு ஒரு பெரிய பிரியம் வந்துவிட்டிருந்தது.

மேடம் மட்டும் வகுப்பில் திரும்பத் திரும்ப ஒன்றைச் சொன்னார். ஊசி திசையைத்தான் காட்டும், வழியைக் காட்டாது, வழிக்கு வரைபடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். வரைபடத்தில் மலை என்பது கோடு கோடாகத்தான் இருக்கும், ஒவ்வொரு கோடும் ஒரே உயரத்தில் மலையைச் சுற்றி ஓடும். அக்கா அதைத் தன் பாணியில் பிடித்துக்கொண்டார், கோடு விலகியிருந்தால் பேசிக்கொண்டே நடக்கலாம், கோடு நெருங்கினால் பேச்சு நின்றுவிடும் என்றார். சாயங்காலம் மில்லைப் பூட்டியதும் வரைபடத்தை மாவுச் சாக்குமேல் விரித்து அன்றைய பாடத்தை வாய்விட்டுப் படிப்பார், அண்ணன் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். காம்பஸ் தனக்கு உதவாது என்று தெரிந்துபோனதாலோ என்னவோ, அண்ணனுக்கு அந்தக் கோடுகள்மேல் ஆசை வந்தது. ஓடை எங்கே கோட்டை வெட்டுகிறது, முகடு எங்கே மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது என்று விரலால் தடவித் தடவிப் பார்ப்பார். வரைபடமெல்லாம் மாவாகிவிட்டது என்று அக்கா திட்டுவார்.

தேர்வு நாள் வந்தது. மதுரையிலிருந்து வந்திருந்த வங்கி ஊழியர்கள் சிலரை, ஆளுக்கொரு காம்பஸ் கொடுத்து, நெட்டைமேட்டு முகட்டுக்கு அழைத்துப் போய்ப் பத்திரமாகத் திரும்பக் கூட்டிவருவது பவுனக்காவுக்கு வந்த வேலை. மேடம் இன்னொரு குழுவோடு அடுத்த பள்ளத்தாக்கில் இருந்தார். காலையில் நல்ல வெயில், மத்தியானச் சோற்று நேரத்துக்கெல்லாம் பனி வந்து மலையை மூடிவிட்டது, டீக்கடையிலிருந்து பார்த்தால் எதிரே இருக்கும் பஸ் நிறுத்தமே தெரியவில்லை.

சந்தனத்தின் போன் அடித்தது. மேலேயிருந்து வங்கிக்காரர் ஒருவர் பேசினார். பவுனக்கா ஓடைப் பள்ளத்துக்குள் சறுக்கி விழுந்துவிட்டார், கால் உடைந்திருக்கிறது, எங்களால் இறங்கித் தூக்க முடியவில்லை, ஊசியைப் பிடித்துக்கொண்டே போங்கள் ஊர் வரும், ஊரிலிருந்து ஆள் அனுப்புங்கள் என்று அவர்தான் சொன்னார், நாங்கள் கிளம்பிவிட்டோம், பனியில் ஒருவருக்கொருவர் முகமே தெரியவில்லை. அவ்வளவுதான், போன் அறுந்துவிட்டது. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தும் கிடைக்கவில்லை.

நாங்கள் செய்த முதல் காரியம் வீரணன் அண்ணனைப் பிடித்து மில் வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்ததுதான். அசையாதே என்றோம், நீ இருக்கும் இடத்துக்குத்தான் அத்தனை பேரும் வருவார்கள், அவர்கள் வந்ததும் பனி விலகுவதைப் பார்த்து ஆட்களைத் திரட்டிக்கொண்டு அக்காவைத் தூக்கி வரலாம் என்றோம். மைக்கில் வீரணன் மில்லில்தான் இருக்கிறார், வீரணன் மில்லில்தான் இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டே இருந்தோம், அவ்வளவு உயரத்தில் இருப்பவர்களுக்கு அது கேட்காது என்பதுகூட எங்களுக்குத் தோன்றவில்லை.

அண்ணன் வரைபடத்தை எடுத்துவரச் சொல்லி மடியில் விரித்துக்கொண்டார். முகட்டில் ஒரு விரலை வைத்தார், மில்லில் ஒரு விரலை வைத்தார், இரண்டு விரலையும் நேராக நகர்த்திச் சேர்த்தார். சேர்ந்த இடத்தில் கோடுகளெல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஒரே தடிமனான கறுப்பாக இருந்தன. அது கழுகுப்பாறை. எங்களுக்கெல்லாம் தெரிந்த பாறைதான், அதன்மேல் யாரும் நேராக நடந்து வருவதில்லை, ஆட்டுக்கணவாய் வழியாகச் சுற்றித்தான் வருவோம், பாதையைக் கால் பார்த்துக்கொள்ளும் என்பதால் அந்தப் பாறை நடுவில் இருப்பதையே மறந்துவிட்டிருந்தோம். வங்கிக்காரர்களின் கால்களுக்கு அந்தப் பாதை தெரியாது. அவர்களிடம் ஊசி மட்டும்தான் இருந்தது.

"நான் இங்க உக்காந்திருந்தா அவங்க பாறையில இருந்து விழுந்துருவாங்க," என்றார் அண்ணன். "நான் கணவாய்க்குப் போயிட்டா ஊசி அங்கிட்டுத் திரும்பும். அங்கிருந்து பவுனுகிட்டப் போறேன்."

நாங்கள் கேட்கவில்லை. கோயிலுக்கே வழி தெரியாத ஆள் மலைக்கு வழி சொல்கிறாரே என்று ஒருவர் முணுமுணுத்தார், நீயும் தொலைந்து வடக்கும் தொலைந்தால் அத்தனை பேரையும் யார் தேடுவது என்று இன்னொருவர் கேட்டார், அதுவும் நியாயமாகத்தான் பட்டது. சந்தனம் அவர் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, நீங்க ஒரு ஆளுக்குப் புருஷன் மட்டும் இல்லண்ணே, ஊருக்கே வடக்கு," என்றான். அண்ணன் அவனை நிமிர்ந்து பார்த்தார், அப்படி ஒரு பார்வையை அவரிடம் நாங்கள் கண்டதில்லை. "வடக்கா இருந்தா என்னப்பா," என்றார், "அவளுக்கு வழி காட்டாத வடக்கு எதுக்கு?" சந்தனத்தின் கை தானாக விலகியது. வரைபடத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு அவர் பனிக்குள் நடந்தார், நாங்கள் கயிறும் கட்டிலும் தேடி ஓடினோம். திரும்பி வந்து பார்க்கும்போது ஆள் தெரியவில்லை, மடியிலிருந்த காம்பஸை எடுத்துப் பார்த்து அந்தப் பக்கமாக நாங்களும் ஏறினோம்.

மேலே, ஓடைப் பள்ளத்தில், பவுனக்காவுக்குக் கால் வலியைவிடப் பெரிய வலி ஒன்று வந்திருந்தது. விழுந்த வேகத்தில் ஊசியைப் பிடித்துக்கொண்டு போங்கள் என்று கத்திவிட்டார், அவர்கள் காலடிச் சத்தம் அடங்கிய பிறகுதான் கழுகுப்பாறை நினைவுக்கு வந்தது. மேடம் அத்தனை முறை சொல்லியும், ஊசி என்றால் வீடு என்று மனதுக்குள் பதிந்துபோயிருந்தது. திரும்பி வாங்க, திரும்பி வாங்க என்று தொண்டை கட்டும்வரை கூப்பிட்டார், வழிகாட்டிகளுக்குக் கொடுத்திருந்த விசிலை ஊதினார், பனியில் எல்லாப் பாறையும் அந்தச் சத்தத்தை வாங்கி ஆளுக்கொரு பக்கம் திருப்பி அனுப்பியது, ஒருவரும் வரவில்லை. தன்னை நம்பி வந்தவர்களைத் தானே அனுப்பிவைத்துவிட்டோமே என்று ஈரப் புல்லில் கிடந்து அழுதார்.

கையில் காம்பஸ் இருந்தது. அழுதுகொண்டே பார்த்தவருக்கு ஊசி நகர்வது தெரிந்தது.

முதலில் நம்பவில்லை. ஊசி ஊரை விட்டது, பாறையை விட்டது, கணவாய்ப் பக்கமாகப் போனது, கொஞ்சம் திரும்பி வந்தது, மறுபடி போனது. அந்தத் தடுமாற்றம் அக்காவுக்குத் தெரியாதா? கிளம்பிவிட்டார் என்று தெரிந்தது, ஆத்திரமும் ஆறுதலும் ஒன்றாக வந்தன. ஊசி கணவாய்க்கு நேராக வந்ததும் அக்கா காம்பஸின் வளையத்தைத் திருப்பி அங்கே ஒரு குறி வைத்துக்கொண்டார். கணவாயிலிருந்து இந்தப் பள்ளம் வரைக்கும் முகடு நேராக ஓடுகிறது, அவர் நேராக வந்தால் ஊசி குறியிலேயே நிற்கும், விலகினால் ஊசியும் விலகும். ஊசி குறியில் நிற்கும்வரை விசிலை ஊதினார், விலகியதும் நிறுத்தினார்.

பனிக்குள் அண்ணனுக்கு விசில் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை, நாலு பக்கமும் கேட்டது. ஆனால் அது நிற்பது தெரிந்தது. நின்றால் தானும் நின்றார், வந்த வழியே கொஞ்சம் பின்வாங்கினார், மறுபடி கேட்டதும் நடந்தார். வரைபடத்தைப் பிரித்து, காலடியில் சரிவு எந்தப் பக்கம் இறங்குகிறது, தண்ணீர்ச் சத்தம் எந்தப் பக்கம் என்று பார்த்துத் தாளைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தான் எங்கே இருக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பயமாகத்தான் இருந்தது, அவரே பிறகு சொன்னார், ஆனால் விசில் கேட்கும்போதெல்லாம் அவள் கோபமாகத்தான் ஊதுகிறாள் என்று தோன்றும், கோபப்படுகிற அளவுக்குத் தெம்பு இருக்கிறதே என்று சந்தோஷமாக இருக்கும் என்றார்.

வங்கிக்காரர்களின் ஊசியும் திரும்பியிருந்தது. ஏன் திரும்புகிறது என்று அவர்கள் கேட்கவில்லை, ஊசியோடு சேர்ந்து அவர்களும் திரும்பினார்கள். மறுநாள் நாங்கள் போய்ப் பார்த்தோம், கழுகுப்பாறையின் விளிம்பில், புல் முடிகிற இடத்தில், நகரவாசிகள் போடும் ஷூக்களின் தடம் ஈர மண்ணில் அழுத்தமாக நின்று, அப்படியே பக்கவாட்டில் திரும்பிப் போயிருந்தது.

அண்ணன் பள்ளத்துக்குள் உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கினார். அக்காவின் கையில் ஊசி சுற்ற ஆரம்பித்தது. தலை முடியில் மாவும் பனியும் பிசைந்து ஒட்டியிருந்த புருஷனை அக்கா பார்த்த பார்வையில் அடிக்கப் போகிறாரோ என்று அண்ணனுக்கு ஒரு நிமிஷம் தோன்றியதாம். அவர் தன் சட்டையைக் கழற்றி உடைந்த காலுக்கு அணைவாக வைத்தார்.

"உங்கள யாரு வரச் சொன்னது? ஊர்ல இருந்திருந்தா அவங்கள்லாம் வீடு வந்து சேந்திருப்பாங்கல்ல," என்றார் அக்கா. அப்படி இல்லை என்று அவருக்கே தெரியும், இருந்தாலும் திட்டாமல் இருக்க முடியவில்லை.

"இங்க வந்து சேருவாங்க."

"வரலன்னா?"

அண்ணன் அக்காவின் இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் வைத்துத் தேய்த்துச் சூடு பண்ணினார். இரண்டு பேரும் மேலே வெள்ளையாக நின்ற பனியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு எங்கோ ஒரு கல் உருண்டது, யாரோ இருமினார்கள், பள்ளத்தின் விளிம்பில் ஒரு கண்ணாடி போட்ட முகம் எட்டிப் பார்த்தது, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, பின்னால் இன்னும் சிலர். எல்லோர் உள்ளங்கையிலும் காம்பஸ் இருந்தது. அக்கா உதட்டை அசைத்து ஒவ்வொருவராக எண்ணினார், ஒருவரும் குறையவில்லை என்று தெரிந்ததும் அண்ணனின் வெறும் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

கண்ணாடிக்காரர் காம்பஸையும் பள்ளத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வீடு இல்லை, விளக்கு இல்லை, ரோடு இல்லை. சட்டையில்லாத ஒரு மனுஷனும் கால் உடைந்த ஒரு பெண்ணும்தான் கீழே இருந்தார்கள்.

"ஏங்க, ஊரு வந்துருச்சா?" என்று கேட்டார்.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"வந்துருச்சு," என்றார். "பாத்து இறங்கி வந்து உக்காருங்க."